சைக்கிள் ஏறிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு



இன்றைய இளைஞர்கள் படிப்பதில்லை என்று எங்கு போனாலும் ஒரு புலம்பல் கேட்கிறது. இந்தப் புலம்பலில் நமக்கு நம்பிக்கை இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிப் பேச யாருக்கும் நியாயமில்லை.

1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல்லுடைக்கிற பெண்களும் நாற்று நடுகிற பெண்களும் வேலை முடிந்து, உலை வைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு அரிக்கேன் விளக்கடியில் வந்து உட்கார்ந்தார்கள். எழுத்து மட்டுமா கற்றார்கள்? சைக்கிளும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள்! பெண்கள் சைக்கிள் கிடைக்கவில்லையா, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கத் தோது என்றார்கள். ஏளனம் பேசிய வாய்கள் பிறகு அடங்கின. குடுமியான்மலைக் கல்குவாரி வட்டாரத்தில் அந்தச் சைக்கிள்கள் ஓடியதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அந்தத் தாய்மாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நீங்கள்.

ஆனால் எழுத்து என்பது அரிவாள் மாதிரி. எடுத்துப் புழங்காவிட்டால் துருப்பிடிக்கும். அன்று கையெழுத்துப் போட்ட எத்தனையோ பேர், படிக்க ஒன்றும் கைக்கு வராமல், மறுபடி கைநாட்டுக்குப் போனார்கள். குற்றம் அவர்களுடையதா? இல்லை. விளக்கை ஏற்றிய சர்க்கார் எண்ணெய் ஊற்றவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இணைந்ததும் அதே ஆண்டுதான். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம் கட்டுகிறோம். குடிசைக்காரனும் கட்டுகிறான். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டிடம் எழும்பியது. உங்கள் ஊர்க் கட்டிடம் எப்போது திறக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது? கிராமசபையில் எழுந்து கேளுங்கள். அது தானமல்ல, நம் காசு.

திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. ஒரு தம்பதியர் சொந்த முயற்சியில் லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்துவைத்த இடம். இதுவரை போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

படிக்க நேரமேது என்கிறீர்கள். மூன்று ஷிப்டு ஓடுகிற மில்லில் இது நியாயமான கேள்விதான். கியூபாவில் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிலாளர் 1865இல் ஒரு வழி கண்டார்கள். கை சுருட்டைச் சுற்றும். ஒருவர் உரக்கப் பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருக்குக் கூலி தொழிலாளர்களே தலைக்கு இவ்வளவென்று போட்டுக் கொடுத்தார்கள். மறு ஆண்டே காலனி ஆட்சி அதைத் தடைசெய்தது. வாசித்தவன் கேள்வி கேட்பான் என்று அதிகாரத்துக்குத் தெரிந்திருந்தது! தடை நிலைக்கவில்லை, வாசிப்பு திரும்பி வந்தது. கண்ணூர் பீடித் தொழிலாளரிடமும் இந்த வழக்கம் இருந்தது.

ஸ்பின்னிங் இரைச்சலில் இது நடக்காது. டீக்கடையில் நடக்கும், களத்துமேட்டில் நடக்கும். செல்போனைத் திட்டிப் பயனில்லை, அதிலும் படிக்கலாம். ஆனால் அதில் அடுத்து எது வரும் என்பதை எவனோ ஒரு கம்பெனிக்காரன் தீர்மானிக்கிறான். புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டுவது நம் கை.

எதை முதலில் படிப்பது என்று தம்பிகள் கேட்கிறார்கள். கனமான தத்துவ நூலைத் தூக்கிக் கொடுத்து விரட்டிவிட வேண்டாம். நல்ல கதைப் புத்தகம் போதும். கூடவே, உங்கள் சம்பளச் சீட்டையும் வரி வரியாகப் படியுங்கள். பிடித்தம் என்று போட்டிருப்பது எதற்கு என்று சங்கத்துக்கு வந்து கேளுங்கள். அன்று அரிக்கேன் விளக்கடியில் படித்த அம்மாவையும் கூட அழைத்து வாருங்கள். அவருக்கும் உரக்கப் படிக்க ஒரு முறை வரட்டும்.