செல்போனில் வரும் ஏமாற்று: குழுவின் விதியே நமக்குக் காவல்

(பள்ளத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செல்போனில் ஏமாற்றிப் பணம் பறிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "இதுதான் எங்களுக்குத் தெரியுமே" என்று பின்னால் ஒரு அக்கா சொல்வது கேட்கிறது. தெரியும்தான். 2024 கடைசியிலிருந்து சில மாதங்களுக்கு, யாருக்கு போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் இந்த எச்சரிக்கைதான் வந்தது. ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் பணம் போகிறது. ஏன் போகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பேச்சு.

வருகிறவன் திருடனாக வருவதில்லை. நமக்கு வர வேண்டிய பணத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறான். 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஆயிரம் ரூபாய் வந்ததா என்று எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்தச் சமயத்திலேயே, பேங்க் ஆள் மாதிரி பேசி ஓ.டி.பி. கேட்பார்கள், கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதே போல் இன்னொன்று. "கல்வித் துறையிலிருந்து பேசுறோம், உங்க பொண்ணுக்கு உதவித்தொகை வந்திருக்கு. வாட்ஸ்அப்ல ஒரு க்யூ.ஆர். படம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க" என்பான். பிள்ளை பெயர், படிக்கிற வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்வான். அதனால் நம்பிவிடுகிறோம். இப்படிச் செய்த ஒரு கும்பலைக் கோவையில் 2024-ல் போலீஸ் பிடித்தது.

இதில் உள்ள சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கட்டம் கட்டமான படத்தை ஸ்கேன் செய்வது நாம் பணம் கொடுப்பதற்கு. கடையில் அதைத்தானே செய்கிறோம்? பின் நம்பரைப் போட்டால் நம் பெட்டி திறக்கிறது என்று அர்த்தம். நமக்குப் பணம் வர வேண்டும் என்றால் பின் நம்பரே தேவையில்லை. அவன் போடுவான், நமக்கு வரும், அவ்வளவுதான். முன்பெல்லாம் "பணம் அனுப்பு" என்று ஒரு ஆளே நம் போனுக்குக் கோரிக்கை அனுப்பலாம். நாம் அதைப் பணம் வருகிறது என்று நினைத்து பின் நம்பரை அழுத்துவோம். தனி ஆட்கள் இப்படிக் கேட்பதை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். க்யூ.ஆர். படம் இன்னும் இருக்கிறது.

அடுத்தது பயம் காட்டுவது. ஆசை காட்டுவதை விட இது மோசம். "சி.பி.ஐ.யிலிருந்து பேசுறோம். உன் ஆதாரை வச்சு யாரோ போதைப்பொருள் அனுப்பியிருக்கான். உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவுக்கு முன்னாடியே உட்காரு. வீட்ல யார்கிட்டயும் சொல்லாதே." சிங்கப்பூரிலோ துபாயிலோ பிள்ளை இருந்தால், "உன் மகனைப் பிடிச்சு வச்சிருக்கோம்" என்பான். நம்ம பகுதியில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு எது?

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் ஹரியானா மாநிலம் அம்பாலாவில் ஒரு வயதான தம்பதியிடம் உச்ச நீதிமன்ற உத்தரவு என்று முத்திரை போட்ட பொய்க் காகிதத்தைக் காட்டி, ஒரு கோடிக்கு மேல் பறித்துவிட்டார்கள். அந்த அம்மா எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காகவே எடுத்துக்கொண்டு, டிசம்பரில் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்வதில்லை, கைது செய்யாமல் விடுவதற்கு கூகுள் பேயில் பணம் கேட்பதும் இல்லை.

பேசுகிறவன் எங்கே இருக்கிறான் என்றும் கேட்பீர்கள். பல அழைப்புகள் கம்போடியா, மியான்மர் பக்கமிருந்து வருகின்றன. பர்மா நம்ம ஊர்களுக்குப் புதிய பெயர் இல்லை, இங்கே நிற்கிற பெரிய வீடுகளில் பாதி பர்மா வரவில் எழுந்தவை. இன்று அதே நாட்டில், டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பையன்களை அடைத்து வைத்து, போனில் ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஆசை காட்டுகிறவனும் சரி, பயம் காட்டுகிறவனும் சரி, இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: உடனே செய், யாரிடமும் சொல்லாதே, போனை வைக்காதே. நம்மை ஒற்றை ஆளாக ஆக்கினால்தான் அவன் வேலை நடக்கும். சகோதரிகளே, நம் குழுவில் இப்படி நடக்குமா? தீர்மான நோட்டில் எழுதாமல், ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் ஒரு ரூபாய் வெளியே போகுமா? 1989-ல் தர்மபுரியில் இந்தக் குழுக்கள் ஆரம்பித்த காலத்திலிருந்து பெண்கள் கட்டிக் காத்த பழக்கம் இது. குழுப் பணத்துக்கு இத்தனை காவல் வைத்த நாம், சொந்தக் கணக்கில் இருக்கிற சேமிப்பை மட்டும் யாரோ ஒருவன் பேச்சில் அனுப்பிவிடுகிறோம்.

அதே விதியைப் போனுக்கும் வையுங்கள். முன்பின் தெரியாத குரல் பணம், பின், ஓ.டி.பி. என்று பேச்செடுத்தால் போனை வைத்துவிட்டு, குழுவில் இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த காரியம். "பேசிக்கிட்டு இருக்கும்போது வைக்கிறது மரியாதையா?" என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். உண்மையாகவே பேங்க் என்றால் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். மேனேஜர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான் என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடிகிற ஃபைல் வந்தால் தொடவே வேண்டாம். அது உள்ளே போனால் நம் குறுஞ்செய்தியை அவன் படிப்பான். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்பும் வேண்டாம். போனில் உள்ள படங்களையும் நம்பர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, படத்தை ஆபாசமாக மாற்றி சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுவார்கள். அவசரக் கடனுக்கு நம் உள்கடன் இருக்கிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். "உங்க பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கொடுங்க, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று தெரிந்தவரே கேட்டாலும் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 'திரைநீக்கு' என்ற பெயரில் 2024 டிசம்பரில் 76 பேரையும், 2025 ஜூனில் 136 பேரையும் கைது செய்தது. கமிஷனுக்குக் கணக்கு கொடுத்தவர்களும் ஆள் பிடித்துக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. கணக்கை முடக்கினால் நமக்கு வரும் உதவித்தொகையும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அப்படியும் பணம் போய்விட்டால்? அழுதுகொண்டு உட்காராமல் 1930-க்கு போன் போடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஏ.டி.எம்.மில் எடுப்பதற்குள் தகவல் போனால், மிச்சம் இருப்பதை அந்த பேங்க் நிறுத்தி வைக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம் பெண்கள் அந்த ஒரு மணி நேரத்தை, வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, குழுவில் சிரிப்பார்களோ என்று யோசிப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள். சிரிக்கிற குழுவாக நாம் இருக்கக் கூடாது. பணத்தை இழந்தவளை "உனக்கு அறிவில்லையா" என்று கேட்டால், அடுத்து ஏமாறுகிறவள் நம்மிடம் வரவே மாட்டாள். 1930-ல் சொன்ன பிறகு, சிவகங்கையில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தால் தனியாக அனுப்பாமல் இரண்டு பேர் கூடப் போங்கள்.

ஊக்குநர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரக் கூட்டத்திலேயே தீர்மான நோட்டின் உள் அட்டையில் 1930 என்று பெரிதாக எழுதி, எல்லா உறுப்பினர் போனிலும் அந்த நம்பரைப் பதிந்து கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாக்களுக்கு யார் போட்டுக் கொடுப்பது என்று இரண்டு பேரைக் குழுவிலேயே முடிவு செய்து, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அவர்கள் பெயரைக் கொண்டு வாருங்கள்.