அழுத்தத்தைப் பிரித்துப் பார்த்த நகரம்

சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் மன அழுத்தம் பற்றியா கதைப்பது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அதைப் பற்றிப் பேச மொன்றியலை விடப் பொருத்தமான நகரம் இல்லை. அழுத்தம் உடலுக்குள் என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று இங்கேதான் நிகழ்ந்தது.

1930களில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செலியே என்ற இளம் மருத்துவர் இருந்தார். வியன்னாவில் பிறந்து, இங்கு வந்து குடியேறியவர். புதிய ஹோர்மோன் ஒன்றைத் தேடி, சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அட்ரீனல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் விழுந்தது. ஹோர்மோன் அகப்பட்டுவிட்டது என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகு போர்மலின் என்ற நச்சுத் திரவத்தை ஏற்றிப் பார்த்தார். அதே மூன்று மாற்றங்கள். கடுங்குளிரில் வைத்தார், களைக்கக் களைக்க ஓடவிட்டார். அப்போதும் அதே. ஹோர்மோன் கனவு கலைந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று கையில் கிடைத்தது: எந்தத் துன்பம் தாக்கினாலும் உடல் ஒரே விதமாகத்தான் எதிர்வினை காட்டுகிறது. 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக அதை எழுதினார். பின்னர், நம் சனம் நிறைய வாழும் கோட்-டெ-நேஜ் பக்கத்தில் உள்ள மொன்றியல் பல்கலைக்கழகத்தில், 1945 முதல் மூன்று பதிற்றாண்டுகள் ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார்.

அந்த எதிர்வினை, அதாவது அழுத்தம், நம் வாழ்வில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஊரிலிருந்து நடுச்சாமத்தில் தொலைபேசி அடிக்கிறது. எடுப்பதற்குள் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அது அட்ரீனலின் என்ற ஹோர்மோனின் வேலை. அதன் பின்னால் கோர்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோன் ஏறி, இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார் செய்கிறது. இதில் நோய் எதுவும் இல்லை. உயிரைக் காப்பதற்கென்றே அமைந்த ஏற்பாடு இது. ஆபத்து நீங்கிய பிறகும் அது அடங்காமல், மாதக்கணக்கில் நீடிப்பதுதான் கெடுதல்.

செலியே சொன்னதில் ஒரு பகுதி பின்னாளில் திருத்தப்பட்டது. ஒரே சம்பவம் ஒருவரை உலுக்கும், இன்னொருவரை அசைக்காது. மனம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். இந்த நகரத்திலேயே மனித அழுத்த ஆய்வு மையத்தை நிறுவிய சோனியா லுப்பியன், கோர்டிசோலைக் கிளப்பிவிடும் நான்கு காரணங்களைத் தொகுத்துச் சொல்கிறார். நிலைமை நம் கையில் இல்லாமை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமை. முன்பின் பழகாத புதுமை. தன்மானத்துக்கு வரும் சவால். நான்கும் சேர்ந்து வரவேண்டியதில்லை; ஒன்றே போதும். கூடக் கூடச் சுமையும் கூடும்.

குடியேறியவர் வாழ்க்கையில் இந்த நான்கும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. 1986 ஓகஸ்ட் மாதம், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். கடலில் உயிர் தப்பியவர்களுக்கும், அதன் பிறகு வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்பது தனியொரு பாரம். இன்றும் அகதி வழக்கு விசாரணைத் திகதிக்காகக் காத்திருப்பவர் இதை அறிவார். பெற்றார் கூட்டத்தில் பத்து வயது மகள் ஆசிரியையின் பிரெஞ்சைத் தமிழாக்கிச் சொல்ல, பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும் தகப்பனும் அறிவார். அவரைச் சுடுவது நான்காவது காரணம்.

லுப்பியன் காட்டும் வழியும் இங்கிருந்தே தொடங்குகிறது. 'டென்ஷனாக இருக்கிறது' என்று மொத்தமாகச் சொல்வதை விட்டு, நான்கில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அகதி வழக்கின் தீர்ப்பு, காத்திருப்பவர் கையில் இல்லை. ஆனால் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைப்பது அவர் கையில் இருக்கிறது. தீர்ப்பு பாதகமானால் அடுத்து என்ன செய்யலாம் என்று மாற்றுத் திட்டம் ஒன்றை யோசித்து வைப்பதும் அப்படித்தான். அந்தத் திட்டம் ஒருநாளும் தேவைப்படாமலே போகலாம். அது இருக்கிறது என்ற நினைப்பே அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தத் தகப்பன் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தால், அவரைச் சுட்ட இடத்துக்கே மருந்து கிடைக்கிறது.

உடல் திரட்டிய சக்தியைச் செலவழிக்கவும் வேண்டும். வேகமாக நடப்பது, வாய்விட்டுப் பாடுவது, வயிறு நிறைய மூச்சை இழுத்து மெதுவாக விடுவது எல்லாம் உதவும். இந்தச் சங்கத்தின் பாட்டு வகுப்புக்கு வருகிறவர்கள், இரவு வேலை முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்தாலும், போகும்போது முகம் தெளிந்து போவது அதனால்தான்.

இவை போதாத நிலையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதலோடு வீட்டார் நின்றுவிடக் கூடாது. கியூபெக்கில் 811ஐ அழைத்து 2ஐத் தெரிவு செய்தால், சமூக சேவைப் பணியாளர் ஒருவர் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கதைப்பார். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வாயில் வந்தால், கனடா முழுவதற்குமான எண் 988. பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாக வராத பெரியவர்களுக்காக, வீட்டு இளையோர் பக்கத்தில் அமர்ந்து அந்த அழைப்பை எடுத்துக் கொடுக்கலாம்.