எலும்புப்புரை ஊசிக்கு முன்



ஆண்டுவிழா மேடையில் இலக்கியமும் இசையும் ஒலிப்பதே வழக்கம். அம்மேடையில் ஊசியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்த செயலாளரின் துணிவை வியக்கின்றோம். பத்தாம் வகுப்புத் தேறிய பின் இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எழுத்தர் யாம். மருத்துவம் கற்றோம் அல்லோம். ஆயினும், எம் அன்னையாருக்காகச் சென்ற ஆண்டு அலைந்த அலைச்சலில் அறிந்தவை சில உண்டு. நம் குடியிருப்பில் அன்னையாரை ஒத்த மூதாட்டியர் பலர் இருத்தலின், அவற்றை மறைக்காது கூறுதல் கடமை எனக் கருதினோம்.

அன்னையாருக்கு அப்போது வயது 71. அதற்கு மூன்று ஆண்டுகட்கு முன், கர்க்கடக மழையில் பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்கி, மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டோம், எலும்பு கூடியது, மறந்தோம். நின்ற நிலையிலிருந்து விழுந்தே எலும்பு முறியுமானால் அவ்வெலும்பு நலிந்துள்ளது என்பதை அன்று எமக்கு உணர்த்துவார் இல்லை; யாமும் வினவினோம் இல்லை. சென்ற ஆண்டு தண்ணீர் வாளியைத் தூக்கியபோது முதுகில் சுளீரென வலி எழுந்தது. படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பின் ஒரு கணு நசுங்கியிருந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனையில் 'டி' மதிப்பு −3.1 என வந்தது. −2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் அது எலும்புப்புரை என 1994இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் குழு வரையறுத்துள்ளது. முழங்கால் தேய்மானம் வேறு, இது வேறு. இரண்டையும் 'எலும்புத் தேய்மானம்' என்று ஒரே பெயரால் அழைத்து நாம் குழம்புகின்றோம்.

வாரம் ஒரு முறை உண்ணும் மாத்திரை உண்டு. வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காது நிமிர்ந்திருத்தல் வேண்டும். அன்னையாருக்கு அது நெஞ்செரிச்சலைத் தந்தது. ஆதலின் ஆண்டுக்கு ஒரு முறை நரம்பின் வழியே ஏற்றும் சோலெட்ரானிக் அமிலத்தை மருத்துவர் பரிந்துரைத்தார். 7,700க்கு மேற்பட்ட பெண்களிடம் மூன்றாண்டுகள் நடத்திய ஆய்வு 2007இல் வெளியாயிற்று. முதுகெலும்பு முறிவு நூற்றுக்கு 70 பங்கும், இடுப்பெலும்பு முறிவு 41 பங்கும் அம்மருந்தால் குறைந்தன என்பது அதன் முடிவு. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தோரின் நிலையை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம், விளக்க வேண்டியதில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆட்டோ அமர்த்தி, குறித்த நாளில் மருத்துவமனைக்குச் சென்றோம். ஊசி என்றாலே வெறும் வயிறு என அன்னையார் எண்ணி, காலை முதல் நீரும் அருந்தாது வந்திருந்தார். கையில் நான்கு திங்களுக்கு முந்திய இரத்த அறிக்கை இருந்தது. மருத்துவர் அதை ஒதுக்கிவிட்டு அன்றே புதிதாக இரத்தம் எடுக்கச் சொன்னார். எமக்குச் சினம் எழுந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தோம்: நேற்று வாங்கிய லைன் கிளியரைக் கொண்டு இன்றைய வண்டியை விடுவோமா?

மாலையில் முடிவுகள் வந்தன. கிரியாட்டினின் 1.2. தாளில் அச்சிட்டிருந்த எல்லையோ 0.6 முதல் 1.2 வரை. 'எல்லைக்குள்தானே இருக்கின்றது' என மகிழ்ந்தோம். மருத்துவரோ தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இருவர் 1976இல் வெளியிட்ட கணக்கு அது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினின் அளவை 72ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுத்தல் வேண்டும், பெண்டிராயின் 0.85ஆல் மீண்டும் பெருக்குதல் வேண்டும். அன்னையாரின் எடை 48 கிலோ. விடை 32.6. சிறுநீரகம் நிமிடத்திற்கு 35 மில்லிக்குக் குறைவாக வடிகட்டுமாயின் இம்மருந்தை ஏற்றலாகாது. ஏற்றின் சிறுநீரகமே பழுதுறக் கூடும். இளைத்த மேனியும் முதிர்ந்த வயதும் உடையோர்க்கு, அறிக்கையில் குறி ஏதும் இராமலே சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். கணக்கெழுதியே வாழும் எமக்கு இது புலப்படாமற் போனது நாணத்தைத் தந்தது.

பழைய அறிக்கையில் 0.9 இருந்தது. நான்கு திங்களில் ஏன் ஏறியது? 'வலிக்கு என்ன கொடுத்தீர்கள்?' என்று மருத்துவர் வினவினார். முதுகுவலிக்கு நாள்தோறும் டைக்ளோஃபினாக் மாத்திரை. சீட்டின்றி மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்தவர் வேறு யாரும் அல்லர், யாமே. அம்மாத்திரையும், போதிய நீர் அருந்தாமையும் சேர்ந்து சிறுநீரகத்தை வாட்டியிருந்தன. அன்றிரவு எமக்கு உறக்கம் இல்லை.

உயிர்ச்சத்து 'டி' 11 மட்டுமே. 20க்குக் கீழ் இருப்பின் குறைவு என்பர். வெயிலுக்குப் பஞ்சமில்லாத திருவனந்தபுரத்தில் இது எவ்வாறு என வியந்தோம். அன்னையார் வைகறையில் பழவங்காடிக் கணபதியைத் தொழுது, கதிரவன் ஏறுமுன் வீடு திரும்புவார்; பின்னர் நாள் முழுதும் அடுக்களையே. இச்சத்துக் குறைவோடு ஊசி போடலாகாது என்பதன் காரணத்தையும் மருத்துவர் விளக்கினார். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்கின்றது. இம்மருந்தோ அக்கதவை அடைக்கின்றது. உயிர்ச்சத்தும் இல்லையேல் உணவிலுள்ள சுண்ணாம்பும் உடலில் சேராது. அப்போது இரத்தத்தில் அதன் அளவு சரிந்து, வாயைச் சுற்றியும் விரல்களிலும் மதமதப்பும், தசைப்பிடிப்பும் தோன்றும். மிகின் இதயத்தையும் தாக்கும். அல்புமின் அளவு குறைந்திருப்பின் கால்சியத்தின் எண்ணும் குறைந்து காட்டும்; ஆதலின் இரண்டையும் ஒருங்கே சோதிப்பது நன்று.

ஊசி தள்ளிவைக்கப்பட்டது. வலிமாத்திரையை நிறுத்தினோம், பாரசிட்டமால் போதும் என்றனர். எட்டு வாரம், வாரம் ஒரு முறை 60,000 அலகு உயிர்ச்சத்து. சாலைக் கடைத்தெருவிலிருந்து கேழ்வரகும் எள்ளும் வாங்கினோம். இடையில் பல் மருத்துவரிடமும் சென்றோம். ஊசிக்குப்பின் பல்லைப் பிடுங்கினால், அரிதாகவேனும் தாடையெலும்பு ஆறாமற் போவதுண்டாம். ஆடிய கடைவாய்ப்பல் ஒன்றை முன்னரே எடுத்து, புண் ஆறும்வரை காத்தோம்.

மீண்டும் சோதித்தபோது கிரியாட்டினின் 0.9, கணக்கின் விடை 43.4. உயிர்ச்சத்து 34. அன்று எமக்கு உண்டான மகிழ்ச்சி, எம் மகள் தேர்வில் வென்றபோதும் உண்டானதில்லை!

இம்முறை அன்னையார் இட்டிலி உண்டே புறப்பட்டார். செவிலிப்பெண், 'அம்மே, வெள்ளம் குடிச்சோ?' என்று கேட்க, நெல்லைச் சீமையிலிருந்து வந்து ஓராண்டும் ஆகாத அன்னையார், 'வெள்ளத்தை யாரம்மா குடிப்பார்?' என்று திகைத்தார். நகைத்துக்கொண்டே இரண்டு தம்ளர் நீர் கொடுத்தோம். 100 மில்லி நீர்மத்தில் 5 மில்லிகிராம் மருந்து; ஏற்றுவதற்குக் குறைந்தது 15 நிமிடம் வேண்டும். விரைந்து ஏற்றுதல் சிறுநீரகத்திற்கு ஆகாது. எனவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஒன்று நினைவில் இருக்கட்டும்: இதே மருந்து 4 மில்லிகிராம் அளவில், வேறு பெயரில், புற்றுநோயாளர்க்கும் தரப்படுகின்றது. அதனை ஏற்கெனவே பெறுவோர் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடல் வேண்டும். நீர் மாத்திரை உண்போரும் அவ்வாறே.

மறுநாள் காய்ச்சல் 101 பாகை. உடலெல்லாம் அடித்துப் போட்டாற்போன்ற வலி. முதல் ஊசிக்குப்பின் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இவ்வாறு நேருமென்று முன்னரே சொல்லியிருந்தமையால் அஞ்சவில்லை. பாரசிட்டமாலும் கஞ்சியும் கொடுத்தோம். மூன்றாம் நாள் எழுந்து கோலமிட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் இத்துன்பம் பெரிதும் குறையுமாம்.

இரண்டாம் ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் உண்டு. வருகின்ற திங்கட்கிழமை காலை இரத்தம் கொடுக்கச் செல்கின்றோம். பழைய அறிக்கையை இம்முறை எடுத்துச் செல்வதாயில்லை. கிணற்றடிப் பாசியை நேற்றுத்தான் தேய்த்துக் கழுவினோம்.