இரகசியத்தின் ஆயுள்

ஓர் அரசு தன் எல்லையைக் காக்கப் படை வைத்திருக்கிறது; கடலைக் காக்கக் கப்பல் வைத்திருக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும் காவல்கள். கண்ணுக்குத் தெரியாத காவல் ஒன்றும் உண்டு. தூதரகத்திலிருந்து தலைநகருக்கு வரும் செய்தி, படைத் தலைமையிலிருந்து எல்லைப் பாசறைக்குச் செல்லும் கட்டளை, வங்கிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் கணக்கு, மின்நிலையங்களை இயக்கும் ஆணை ஆகிய இவை யாவும் கம்பி வழியாகவும் வான் வழியாகவும் ஓயாமற் சென்றவண்ணம் இருக்கின்றன. வழியில் எவரும் ஒட்டுக் கேட்கலாம். கேட்பவர்க்குப் பொருள் விளங்காதபடி அவற்றைப் பூட்டி அனுப்புகிறோம். அந்தப் பூட்டு எண்களால் ஆனது. குவாண்டம் இயல் வளர்ந்துவரும் இக்காலத்தில் அப்பூட்டுக்கு நேர்ந்துள்ள இடையூறு யாது, அது குறித்து அரசு செய்ய வேண்டுவது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பூட்டின் தன்மையை முதலில் அறிந்துகொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் 89-ஐ 97-ஆல் பெருக்கச் சொன்னால், ஒரு நிமிடத்திற்குள் 8,633 என்று விடை தருவான். அவனிடமே, 8,633 எந்த இரண்டு எண்களின் பெருக்கற்பலன் என்று கேட்டுப் பாருங்கள். 2-ஆல் வகுப்பான், 3-ஆல் வகுப்பான், 7, 11, 13 என்று போய்க்கொண்டே இருப்பான், பாடவேளை முடிந்து மணி அடித்துவிடும். பெருக்குதல் எளிது, பெருக்கியதைப் பிரித்தல் அரிது. இந்த ஒரு வேற்றுமையை அடிப்படையாகக் கொண்டு, 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் ஒரு பூட்டை அமைத்தனர். இக்காலத்தில் அதற்கு அறுநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் எண்ணைக் கொள்கிறார்கள். அந்த எண்ணை ஊரறிய வெளியிட்டுவிடலாம். அதன் காரணிகளாகிய இரண்டு பகா எண்களை அறிந்தவனே பூட்டைத் திறக்க இயலும். நெடுநாளாக உலகெங்கும் வழங்கிவரும் பூட்டுகளுட் பெரும்பாலானவை இதுவோ இதன் உறவினமோ ஆகும்.

1994-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர் என்னும் கணித அறிஞர், குவாண்டம் விதிகளின்படி இயங்கும் கணிப்பொறி ஒன்று அமையுமானால், இத்தகைய பேரெண்களை விரைவிற் பிரித்துவிடலாம் என்று கணக்கால் நிறுவினார். வழக்கமான கணிப்பொறியின் சிற்றுறுப்பு ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்னும் நிலையில் நிற்பது. குவாண்டம் கணிப்பொறியின் சிற்றுறுப்பாகிய கியூபிட் இரண்டும் கலந்ததோர் நிலையில் நிற்க வல்லது. அது எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வாறு சொல்லுதல் பொருந்தாது. குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால் எழும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று உயர்த்துகின்றன. வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன அன்றோ? அதுபோலத் தவறான விடைகள் தம்முள் அழிந்தொழியவும், சரியான விடை மேலெழவும் கணக்கை அமைப்பதே ஷோர் கண்ட வழி.

அத்தகைய பூட்டை உடைக்கத்தக்க பொறி இன்னும் எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. 2019-ஆம் ஆண்டில் அறிஞர் இருவர் கணக்கிட்டபோது, அதற்கு 2 கோடிக் கியூபிட்டுகளும் 8 மணி நேரமும் வேண்டும் என்றனர். அவ்விருவருள் ஒருவராகிய கிரெய்க் கிட்னி என்பவரே 2025-இல் மீண்டும் கணக்கிட்டு, 10 இலட்சத்திற்குக் குறைந்த கியூபிட்டுகள் போதும், ஒரு வாரத்திற்குள் பிரித்துவிடலாம் என்று வெளியிட்டார். இன்றுள்ள பொறிகள் அந்த அளவுக்கும் வெகு தொலைவில்தான் நிற்கின்றன. ஆயினும் ஆறே ஆண்டுகளில் தேவையின் அளவு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியதைக் கருத வேண்டும்.

பொறி இல்லாதபோதே அஞ்சுவானேன் என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடையாக ஒரு வரலாற்றுச் செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1943-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், வாஷிங்டன் நகரை அடுத்த ஆர்லிங்டன் ஹால் என்னும் இடத்தில் அமெரிக்கப் படையின் மறைமொழிப் பிரிவினர் ஒரு வேலையைத் தொடங்கினர். முன்னர் அது பெண்கள் கல்லூரியாக இருந்த கட்டடம். அவ்வேலையைத் தொடங்கி வைத்த ஜீன் கிராபீல் என்னும் அம்மையாரும் அதற்குச் சிறிது காலம் முன்புவரை பள்ளி ஆசிரியையாக இருந்தவரே. அமெரிக்காவிலிருந்து மாஸ்கோவுக்குச் சென்ற சோவியத் தந்திகளின் படிகள் கட்டுக் கட்டாக அங்கே குவிந்திருந்தன. ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவும் இயலாது, ஏனெனில் சோவியத் நாட்டினர் கையாண்ட முறை, பிழையின்றிக் கையாளப்பட்டால், எக்காலத்தும் உடைக்க முடியாதது. தாறுமாறான எண்கள் அச்சிட்ட ஏடு ஒன்று அனுப்புவோரிடமும், அதன் இணை ஏடு பெறுவோரிடமும் இருக்கும். ஒரு பக்கத்தை ஒரே முறை பயன்படுத்தி அழித்துவிட வேண்டும். ஆனால், ஜெர்மானியப் படையின் நெருக்கடியில் நாடு தத்தளித்த 1942-இன் தொடக்கத்தில், அந்த ஏடுகளை ஆக்கியோர் சில பக்கங்களை இருமுறை ஆக்கிவிட்டனர். பிழை அவ்வளவே.

படிகளை எறிந்துவிடாமற் காத்திருந்த அமெரிக்கர் அப்பிழையைக் கண்டுபிடித்தனர். 1946-ஆம் ஆண்டின் இறுதியில் மெரிடித் கார்ட்னர் என்னும் மொழியறிஞர், 1944-இல் அனுப்பப்பட்ட தந்தி ஒன்றைப் படித்தார். அணுகுண்டு ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்த விஞ்ஞானிகளின் பெயர்கள் அதில் இருந்தன! அணுகுண்டுச் செய்திகளைச் சோவியத்துக்கு அளித்த கிளாவ்ஸ் ஃபூக்ஸ் என்பார் இவ்வழியாகவே 1949-இல் அடையாளம் காணப்பட்டு, 1950-இல் இங்கிலாந்தில் கைதானார். வெனோனா என்னும் பெயர் பூண்ட அந்த வேலை 1980 வரை நடந்தது. ஏறத்தாழ மூவாயிரம் செய்திகள் முழுதுமோ பகுதியோ படிக்கப்பட்டன. 1995-இல்தான் அமெரிக்க அரசு இதனை முறைப்படி வெளியிட்டது.

1944-இல் அந்தத் தந்தியை அனுப்பியவர் அன்றிரவு அச்சமின்றி உறங்கியிருப்பார். அன்று அவருடைய பூட்டு உடையவில்லை. பூட்டிய பெட்டியை மற்றொருவர் அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டார், பின்னர்த் திறந்தார்.

இன்று அந்த அலமாரிக்கு எல்லையே இல்லை. கடலடிக் கம்பிகளிற் செல்வதை அள்ளிச் சேமித்து வைத்தல் முன்னினும் மலிவாகிவிட்டது. பகை நாடுகள் இவ்வாறு சேர்த்து வைக்கக்கூடும் என்று அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகள் வெளிப்படையாகவே எச்சரித்துள்ளன. ஆகவே இன்று அனுப்பும் செய்தியே இடையூற்றுக்கு உட்பட்டதாகும்.

கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மொஸ்கா என்னும் அறிஞர் இதனை எளிய கூட்டற் கணக்காக்கித் தந்துள்ளார். ஒரு செய்தி 15 ஆண்டுகள் இரகசியமாக இருத்தல் வேண்டும் என்று கொள்வோம். நாடு முழுதும் பூட்டுகளை மாற்ற 10 ஆண்டுகள் ஆகும் என்போம். இரண்டும் சேர்ந்து 25. உடைக்கும் பொறி 20 ஆண்டுகளில் வந்துவிடுமானால், இன்றிலிருந்து 5-ஆம் ஆண்டுக்கும் 10-ஆம் ஆண்டுக்கும் இடையே பழைய பூட்டில் அனுப்பிய செய்திகள், தம் காலம் முடியுமுன்னரே வெளிப்பட்டுவிடும். பொறி வரும் ஆண்டு நம் கையில் இல்லை. இரகசியத்தின் ஆயுளும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. பூட்டு மாற்றும் காலம் ஒன்றே அரசின் கையில் உள்ளது.

இரகசியங்களின் ஆயுள் ஒரே அளவினது அன்று. நாளைக் காலை எந்தப் பாலத்தைப் படை கடக்கும் என்பது நாளை மாலையே பயனற்றுப் போகும். நமக்காக அயல்நாட்டிற் செய்தி சேர்ப்பவர் ஒருவரின் பெயரோ, அவர் மறைந்த பின்னும் அவர் மக்களுக்காகக் காக்கப்பட வேண்டியது. இவற்றோடு குடிமக்களின் கைரேகை, கருவிழிப் பதிவு, நோய்க் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. திருட்டுப் போன சாவிக்கு மாற்றுச் சாவி செய்யலாம். கைரேகைக்கு மாற்று ஏது? ஒரு படைவீரனின் பதிவு இருபதாம் வயதில் எடுக்கப்பட்டால், அவன் முதியவனாகும் வரை அது அவனைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும்.

புதிய பூட்டுகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2016-இல் உலகத்து அறிஞர்களையெல்லாம் அழைத்து, குவாண்டம் பொறிக்கும் அசையாத பூட்டு முறைகளைத் தருமாறு கேட்டது. 69 முறைகள் தேர்வுக்கு ஏற்கப்பட்டன. அனைத்தும் திறந்த அவையில் வைக்கப்பட்டன. எவரும் உடைத்துப் பார்க்கலாம். பல சுற்றுகளைத் தாண்டி நின்ற முறை ஒன்றை, 2022-இல் பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தார் இருவர் சாதாரணக் கணிப்பொறி ஒன்றைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டனர். சிலர் இதனைத் தோல்வி என்றனர். நம்பி ஏற்ற பின்னர்ப் பகைவர் உடைப்பதினும், ஏற்குமுன் நண்பர் உடைப்பது எவ்வளவோ மேல் அன்றோ? முறை பகைவர் கையிற் சிக்கினாலும் தீங்கு நேரலாகாது, சாவி மட்டுமே இரகசியமாதல் வேண்டும் என்று 1883-லேயே எழுதினார் கெர்க்ஹோஃப்ஸ் என்பவர். பாரிசில் மொழிகள் கற்பித்த இவரும் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு.

தேர்வில் நிலைத்தவற்றுள் மூன்று, 2024 ஆகஸ்டு 13-ஆம் நாள் தரமாக வெளியாயின. இவற்றைக் கையாளக் குவாண்டம் பொறி வேண்டுவதில்லை. நம் மேசைமேலுள்ள கணிப்பொறியே போதும். அமெரிக்க அரசு 2035-ஐ இலக்காக வைத்து மாற்றத்தைத் தொடங்கியது. பிரிட்டன் 2028-க்குள் எங்கெங்கே பூட்டுகள் உள்ளன என்று கண்டறியவும், 2031-க்குள் தலையாயவற்றை மாற்றவும், 2035-க்குள் யாவற்றையும் முடிக்கவும் காலம் வகுத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 ஏப்பிரல் 19-ஆம் நாள் மத்திய அமைச்சரவை தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு ரூ. 6,003.65 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. 2031 வரை நடக்கும் இத்திட்டத்தில், குவாண்டம் செய்தித் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. ஒளித்துகள்களின் வழியே சாவியை அனுப்பி, இடையில் எவரேனும் தொட்டால் உடனே தெரிந்துவிடுமாறு செய்யும் முறையை 2,000 கிலோமீட்டர் வரை நீட்டுவது இதன் இலக்குகளுள் ஒன்று. பென்னெட், பிரசார் என்னும் இருவர் இம்முறையை விளக்கிய புகழ்பெற்ற கட்டுரை, 1984 டிசம்பரில் நம் பெங்களூரில் நடந்த மாநாட்டின் தொகுதியில்தான் வெளியாயிற்று. சீன நாடு 2016-இல் இதற்கென ஒரு செயற்கைக்கோளையே ஏவியது. நாமும் பின்தங்கலாகாது, அதில் ஐயமில்லை.

ஆனால் இந்த ஒளிச்சாவி எல்லாக் குறையையும் தீர்க்கும் என்று எண்ணுவதை நான் ஏற்கவில்லை. அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். நெடுந்தொலைவுக்கு இடைநிலையங்கள் வேண்டும். அந்நிலையங்களின் காவலரை நம்பியாக வேண்டும். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதையும் அது தானே உறுதி செய்யாது. இக்காரணங்களால் அமெரிக்க, பிரிட்டிஷ் பாதுகாப்பு நிறுவனங்கள் அரசின் உயர் இரகசியங்களுக்கு அதனைப் பரிந்துரைக்கவில்லை. தாலுகா அலுவலகம்தோறும் ஒளியிழைக் கருவி வைத்தலும் நடவாது.

நடக்கக்கூடியது பட்டியல். பள்ளிக்கூடத்தில் ஆண்டிறுதியில் மேசை நாற்காலிகளையும் நிலப்படங்களையும்கூட எண்ணி இருப்புக் கணக்கு எழுதுகிறோம். அரசின் ஒவ்வொரு துறையிலும் எந்தப் பூட்டு எங்கே இருக்கிறது, அது எதனைக் காக்கிறது, அந்த இரகசியத்திற்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று அவ்வாறே எழுதுதல் வேண்டும். கருவூலம், பத்திரப் பதிவு, மருத்துவமனை, மின்வாரியம் யாவும் இதில் அடங்கும். ஒளியிழைக்குத் திறப்பு விழா நடத்தலாம். பட்டியலுக்கு எவரும் விழா எடுக்கமாட்டார்கள். அது நாட்பட்டுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

மற்றொன்று கொள்முதல் பற்றியது. விண்ணிற் சென்ற செயற்கைக்கோளின் பூட்டை ஏணி வைத்து ஏறி மாற்ற இயலாது. இலட்சக்கணக்கான வீடுகளில் மாட்டிய மின்மானியையும் ஆண்டுதோறும் கழற்ற இயலாது. பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய எக்கருவிக்கும் ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, அதன் பூட்டு பின்னர் மாற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையைச் சேர்க்கலாம். அதற்குப் புதிய ஆய்வுக்கூடமோ கோடிகளோ வேண்டியதில்லை. நிதித்துறை ஆணை ஒன்று போதும். அடுத்த நிதியாண்டின் கொள்முதல்களிலேயே அதனை நடைமுறைப்படுத்திவிடலாம்.