கைப்பேசியில் பிறக்கும் சொற்கள்
(இளையோர் தினத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



முன்பு புதுச்சொற்கள் மேடையிலும் ஏட்டிலும் திரையிலும் பிறந்து, மெல்ல நடந்து நம் வீடு வந்து சேர்ந்தன. இன்றோ யூடியூப், இன்ஸ்டாகிராம் பிரபலங்கள் காலையில் உதிர்த்த சொல் மாலையில் நம் பிள்ளைகளின் நாவில் இருக்கிறது. அமெரிக்க இளைஞர் காய் செனாட் தம் நேரலைகளில் பேசிப் பரப்பிய சொல் 'ரிஸ்'. பிறரைக் கவரும் திறன் என்பது அதன் பொருள். ஆக்ஸ்போர்டு அகராதியினர் அதனை 2023ஆம் ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். யூடியூப் கேலிச்சித்திரத் தொடரில் வந்த 'ஸ்கிபிடி' 2025இல் கேம்பிரிட்ஜ் அகராதியில் ஏறியது.

இதைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசிய கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். மக்களோடு பழக வந்தவர் அவர்கள் வாய்மொழியையும் கற்றார்.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. சாவு, தற்கொலை போன்ற சொற்கள் காணொளியில் வந்தால், கணினி அதனை நீக்கிவிடும், அல்லது பலர் கண்ணில் படாமல் ஒதுக்கிவிடும் என்று வெளியிடுவோர் அஞ்சுகின்றனர். ஆகவே அவற்றுக்குப் பதிலாக 'அன்அலைவ்' என்றொரு சொல்லை டிக்டாக்கில் புழங்கினர். ஆங்கிலம் பேசும் நாடுகளின் இளையோர் இன்று நேர்ப்பேச்சிலும் அதனை வழங்குகின்றனர். டிக்டாக் நம் நாட்டில் 2020 ஜூனில் தடைசெய்யப்பட்டது. ஆனால் சொல்லுக்குத் தடை ஏது?

எண்ணிப் பாருங்கள். மனமுடைந்த ஒரு பிள்ளை இத்தகைய சொல்லால் தன் வேதனையை வெளியிட்டால் நமக்கு விளங்குமா? விளையாட்டுப் பேச்சு என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட மாட்டோமா?

பெற்றோரே, புரியாத சொல் காதில் விழுந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். "அதற்கு என்ன பொருள், கண்ணு?" என்று கேளுங்கள். இளையோரே, நண்பர்களிடம் உங்கள் விருப்பம்போல் பேசுங்கள். ஆனால் பாட்டியிடம் பேசும் தமிழையும், துன்பத்தைத் துன்பம் என்றே சொல்லும் துணிவையும் இழந்துவிடாதீர்கள். துன்பம் இன்னதென்று தெரிந்தால்தானே பிறர் தோள் கொடுக்க முடியும்?

விழாக்காணும் இவ்வாண்டில், இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் கைப்பேசிகளை ஒதுக்கிவைப்போம். ஒருவர் சொல்லை ஒருவர் கேட்போம், கேட்டுக் கற்போம்.