பங்குனியாமையும் கடலூர் மணலும்
(திருமுட்டத்தில் ஆற்றிய உரை)



திருமுட்டத்தில் நின்று கடலாமையைப் பற்றிப் பேசுவானேன் என வினவுவீர்கள். (இவ்வூரை ஸ்ரீமுஷ்ணம் என்பார் வினவினும் விடை இதுவே.) மாசிமகத்திற்கு இவ்வூர்ப் பெருமாள் நீராடச் செல்வது கிள்ளைக் கடற்கரைக்கன்றோ? அதே மாசியில்தான் பங்குனியாமை இரவிற் கரையேறி, குழிதோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிச் செல்கின்றது.

அடும்பு படர்ந்த மணலில் ஆமை முட்டையை மறைத்து வைப்பதை அகநானூற்றின் 160ஆம் பாட்டுக் காட்டுகின்றது. ஆணாமை காவல் நிற்பதாகவும் அது கூறும். உண்மையில் தாயும் நில்லாது, தந்தையும் நில்லாது, காப்பது மணலே. குஞ்சு ஆணா, பெண்ணா என முடிவு செய்வதும் மணலே! முட்டை பொரிய ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். அதன் இடைப்பகுதியில் மணல்வெப்பம் 29, 30 பாகை செல்சியசு அளவில் இருப்பின் இருபாலும் பிறக்கும். குறையின் ஆண் மிகும். ஏறின் பெண் மிகும். 35 பாகையைத் தாண்டி நீடிப்பின் கருவே மடியும்.

ஞாலம் வெம்மையுறும் இந்நாளில் இதன் விளைவென்ன? ஆசுத்திரேலியப் பெரும்பவளத்திட்டின் வடகரைகளிற் பிறந்த இளம் பேராமைகளுள் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்ணே என 2018இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஓர் ஆண் பல பெண்ணொடு கூடுமாதலின் கேடு உடனே தோன்றாது. தோன்றும்போது காலம் கடந்திருக்கும்.

இரண்டாவது கரணியம் கடலேற்றம். கடல் உயர்ந்தால் மணற்கரை உள்வாங்கும்; அதற்குப் பின்னால் வெற்றிடம் வேண்டும். 1990 முதல் 2018 வரை தமிழகக் கரையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அரிப்புற்றதாக நடுவணரசின் ஆய்வு கூறுகின்றது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டுகின்றோம். கல்லில் ஆமை முட்டையிடாது. ஆயினும், 2011இல் தானேப் புயலைக் கண்ட கடலூர்ப் பரதவர் குடிசைமுன் நின்று கல் வேண்டா எனச் சொல்ல எனக்கு நாவெழாது. மணல்மேட்டைச் சமன்செய்து உல்லாச விடுதி கட்டுவார்க்கு அவ்விரக்கம் காட்ட வேண்டுவதில்லை.

கானகத்துறையினர் முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகங்களில் புதைத்துக் காக்கின்றனர்; நற்பணியே. ஆனால் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்னும் கணக்கு மட்டும் போதாது. முழ ஆழத்தில் மணலின் வெப்பத்தை நாள்தோறும் அளந்து எழுதல் வேண்டும். வெயில் ஏறுமுன் கீற்றுப்பந்தல் இடல் வேண்டும். வரும் மாசியில் கடற்கரைக்குச் செல்லும் இளைஞர்கள் பொரிப்பகத்தாரிடம் முதலில் இந்த வெப்பக் கணக்கைக் கேளுங்கள்.