தண்ணீர்த் தொழிலில் இளைஞனுக்கு என்ன மரியாதை?

(தென்னேரியில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்ணீர்த் துறையில் வேலைக்கு வந்த சில வருஷங்களுக்குள்ளேயே நல்ல காரியம் செய்து காட்டிய இளைஞர்களைப் பாராட்ட வேண்டும் என்று இப்போது பல நாடுகளில் பேசுகிறார்கள். ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 1991 முதல் தண்ணீருக்கென்று ஒரு பரிசு கொடுக்கிறார்கள். 1997 முதல் 15 வயதிலிருந்து 20 வயது வரையுள்ள மாணவர்களுக்குத் தனிப் பரிசும் உண்டு. நமது மத்திய சர்க்காரும் தேசிய நீர் விருது என்று கொடுத்து வருகிறது.

நல்ல ஏற்பாடுதான். தலை நரைத்த பிறகு போர்த்தும் பொன்னாடையால் யாருக்கு என்ன பயன்? கை ஓடுகிற வயதில் தட்டிக் கொடுத்தால் அந்தக் கை இன்னும் நாற்பது வருஷம் ஓடும். ஆனால் யாரைப் பாராட்டுவது? எதைச் சாதனை என்பது? பாராட்டு என்றால் அது எந்த ரூபத்தில் இருக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்பதற்கு இந்த ஏரிக்கரையை விடப் பொருத்தமான இடம் இல்லை.

குடவோலையில் யார் பெயர்?

திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வெட்டச் சொன்ன அரசன் பெயர் ஏரிக்கும் நின்றது, ஊருக்கும் நின்றது. வெட்டியவர்கள் பெயர் எங்கே? கூடை சுமந்த பெண்கள் பெயர் எங்கே? கரையில் மண் இருக்கிறது, பெயர் இல்லை.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு. பதவிக் காலம் ஒரு வருஷம். குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கென்று ஒரு குழு இருந்தது பெருமைதான். ஆனால் யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதையும் அதே சுவர் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வேதம் கற்றவனாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும்.

ஆகவே நிலம் இல்லாதவனுக்கு இடமில்லை. நிலம் உள்ள வீட்டிலும் இளைஞனுக்கு இடமில்லை. குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுத்துக் கொடுக்க மட்டும் ஒரு சிறுவன் தேவைப்பட்டான்!

மழை இரவில் கரையில் நின்றவன் யார்? மதகைத் திறந்தவன் யார்? ஊருக்கு ஊர் அவனுக்குப் பெயர் மாறும்: நீர்க்கட்டி, கம்புகட்டி, நீர்பாய்ச்சி, மடையன். மடை திறப்பவன் மடையன். அந்தச் சொல் இன்று காதில் விழுந்தால் வசவாகத்தான் கேட்கிறது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், எந்த வாய்க்கால் எங்கே உடையும், கலங்கலில் எவ்வளவு போனால் கரைக்கு ஆபத்து என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தகப்பனோடு கரையில் நடந்து இருபது வயதுக்குள் கற்ற கல்வி அது. அதற்குச் சர்ட்டிபிகேட் கிடையாது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்த உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்ன? 1858-ல் ஒரு சட்டம் வந்தது. கரை உடையும் என்று பயம் வந்தால் ஊர் ஜனங்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம் என்றது அந்தச் சட்டம். குடிமராமத்துச் சட்டம் என்றே அதைச் சொன்னார்கள். வேலைக்குக் கட்டாயம் உண்டு; ஏரி நிர்வாகத்தில் வாய் திறக்க உரிமை உண்டா?

கற்றவனுக்குப் பட்டம், கற்பித்தவனுக்கு?

ஆர்தர் காட்டன் என்ற இஞ்சினீயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1803-ல் பிறந்தவர். 1821-ல், பதினெட்டு வயதில், சென்னை ராஜதானிக்கு வேலைக்கு வந்தார். ஏரி மராமத்து இலாகாவில் வேலை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டி முடித்தபோது அவருக்கு 33 வயது. பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை. அது 1852-ல் முடிந்தது. 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. இளவயதில் பொறுப்பைக் கொடுத்தார்கள், அவரும் செய்து காட்டினார். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அடி ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்கும் என்பதை அவர் எங்கே படித்தார்? லண்டனிலா? இல்லை. நம்முடைய கல்லணையைப் பார்த்துப் படித்தார். இந்த நாட்டுக்காரர்களிடமிருந்துதான் அந்த வித்தையைக் கற்றோம் என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கற்றவருக்குப் பட்டமும் சிலையும் கிடைத்தன. கற்பித்த கொத்தனுக்கும் மண்வெட்டிக்காரனுக்கும் சரித்திரத்தில் ஒரு வரி கூட இல்லை.

நம் காலத்துக்கு வருவோம். ராஜஸ்தானத்தில் ராஜேந்திர சிங். 1985-ல், 26 வயதில், ஆல்வார் ஜில்லாக் கிராமங்களுக்குப் போனார். ஜனங்களோடு சேர்ந்து ஜோகத் என்கிற மண் தடுப்புக் குளங்களைத் தூர் வாரினார், புதிதாகவும் வெட்டினார். மழை நீர் பூமிக்குள் இறங்கிக் கிணறுகள் ஊறின. வற்றிய அர்வாரி ஆறு திரும்ப ஓடியது. அவருக்கு மகசேசே விருது 2001-ல் வந்தது. ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு 2015-ல் வந்தது. வேலை தொடங்கி முப்பது வருஷம் கழித்து! அவரோடு தட்டுத் தட்டாக மண் சுமந்த கிராமத்து இளைஞர்கள் அதற்குள் கிழவர்களாகிவிட்டார்கள்.

பெருச்சாளி இயந்திரம்

தண்ணீர்த் தொழில் என்றால் ஏரியும் குழாயும் மட்டுமல்ல. வீட்டை விட்டு வெளியேறும் சாக்கடையும் தண்ணீர்த் தொழில்தான். அதை யார் சுத்தம் செய்கிறார்கள், எந்த ஜாதியிலிருந்து அவர்களைப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடிய சாக்கடையில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைட் என்ற விஷவாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாக இருந்தால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் தெரியாது. உள்ளே போனவன் விழுகிறான். தூக்கப் போனவனும் விழுகிறான். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் இப்படித்தான் நடந்தது. ஆந்திராவிலிருந்து வந்த இரண்டு தொழிலாளிகள் உள்ளே விழுந்தார்கள். வழியோடு போன ஆட்டோ டிரைவர் நவுஷாத் அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூவரும் மாண்டார்கள்.

அந்தச் சாவு அதே கேரளத்தில் நான்கு இளம் இஞ்சினீயர்களை உலுக்கியது. விமல் கோவிந்த், ராஷித், நிகில், அருண் ஜார்ஜ் என்ற இந்த நால்வரும் குட்டிப்புறம் காலேஜில் படித்தவர்கள். சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அதற்குப் பாண்டிகூட் என்று பெயர் வைத்தார்கள். பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. இயந்திரத்தின் கால்கள் குழிக்குள் விரிந்து நிற்கும்; கை மண்ணையும் குப்பையையும் அள்ளும்; காமிரா உள்ளே இருப்பதைக் காட்டும். இயக்குகிறவன் மேலே, காற்றோட்டத்தில் நின்றபடி திரையைப் பார்த்து இயக்கலாம். கேரள வாட்டர் அதாரிட்டியும் அரசின் ஸ்டார்ட்அப் மிஷனும் கைகொடுத்தன. 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. பிறகு நம் கும்பகோணம் நகராட்சிக்கும் வந்தது.

தோழர்களே, இதுதான் இளவயதுச் சாதனை! இதற்குரிய கௌரவமும் இதிலேயே தெரிகிறது. கேடயத்தை விடப் பெரிய கௌரவம் எது? அவர்கள் செய்த இயந்திரத்தை வாங்கித் தெருவில் இறக்குவது. அதைவிடப் பெரியது, முன்பு குழிக்குள் இறங்கியவனுக்கே பயிற்சி கொடுத்து, இயந்திரத்தை அவன் கையில் ஒப்படைப்பது. திருவனந்தபுரத்தில் அப்படிப் பயிற்சி கொடுத்தார்கள். இயந்திரம் வந்தது, ஆள் வேலை போனது என்றால் அது பாதிச் சாதனைதான். ஆலையில் புது மிஷின் வந்தபோதெல்லாம் யார் வெளியே போனார்கள் என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் ஆலைத் தோழர்கள் அறிவார்கள்.

மற்ற இடங்களில் என்ன நிலைமை? மனிதனை இப்படி இறக்குவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. கோர்ட் சொன்னது நியாயமே. ஆனால் ஒரு இளைஞனின் பெயர் சர்க்கார் தஸ்தாவேஜில் முதல் முதலாக ஏறுவது அவன் செத்த பிறகுதான் என்றால், அது எப்படிப்பட்ட மரியாதை?

நாம் கேட்பது என்ன?

நமது ஊர்களைப் பாருங்கள். பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர் இருக்கிறார். விடியுமுன் மோட்டார் போடுகிறவர் அவர். வால்வு திறப்பதும், தொட்டி கழுவுவதும், பிளீச்சிங் பவுடர் கலப்பதும் அவர் வேலை. அளவு குறைந்தால் ஊருக்குப் பேதி. கூடினால் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இவ்வளவு பொறுப்புள்ள ஆளுக்குப் பல ஊர்களில் சொற்பத் தொகுப்பூதியம். ஆலையில் வருஷக்கணக்காகப் பதிலியாகவே ஓடுகிறவனின் கதையும் இதுவும் ஒன்றுதான்.

ஆகவே பரிசு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பரிசு கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள் என்கிறோம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் கைக்குத் தேசிய விருது உண்டு. மதகு திறக்கும் கைக்கும் இருக்கட்டும்.

முதலாவது, ஏரி வேலை, குழாய் வேலை, சாக்கடை வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும் பஞ்சாயத்து, நகராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டாவது, கையால் கற்ற தொழிலைச் சோதித்துச் சர்ட்டிபிகேட் கொடுத்து, அதைச் சம்பளத்தில் கணக்கிட வேண்டும். மூன்றாவது, ஏரி மராமத்துக்கு எஸ்டிமேட் போடுமுன் கரையில் நிற்கும் இளைஞனையும் கேட்க வேண்டும். 35 வயதாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான்காவது, சாக்கடைக்கு இயந்திரம் வாங்க வேண்டும். இதுவரை இறங்கியவரையே அதற்கு ஆபரேட்டராக்கி நிரந்தரம் செய்ய வேண்டும்.

யாரிடம் கேட்பது? மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்றைக்கும் கிராம சபை கூட வேண்டும் என்று 2022-ல் சர்க்கார் அறிவித்தது. அந்தச் சபையில் வாயைத் திறப்போம். நம் ஊரில் தண்ணீர் வேலை செய்யும் இளைஞர், பெண்கள் பெயர்ப் பட்டியலை நாமே எழுதிக்கொண்டு போவோம். சபையில் உரக்கப் படிப்போம். தீர்மானத்தில் ஏற்றச் சொல்வோம். இந்த முறை ஓலையில் யார் பெயரை எழுதுவது என்பதை நாம் முடிவு செய்வோம், தோழர்களே!